பணியுடையில்தான் இறங்க வேண்டும்

காலைச் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்: விமானக் கட்டுப்பாட்டாளர் சங்கத்தின் செயலாளர்; அவர் மனைவி; மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவருடைய தம்பி; அந்தத் தம்பியின் மனைவி, செயலாளர் வேலை பார்க்கும் அதே கோபுரத்தில் உட்கார்ந்து விமானங்களை இறக்குகிறவள். ஐந்தாவது நாற்காலியில் ஆள் இல்லை. அதன் முதுகில் ஒரு கருநீல ஸ்கர்ட் மடிப்புக் கலையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"நிர்வாகத்தோட ஒப்பந்தம் நேத்து சாயங்காலமே கையெழுத்தாயிடுச்சு," என்றார் செயலாளர், ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி. "இன்னையிலேருந்து எவனும் டை கட்ட வேண்டாம். ரெண்டு வருஷமா நாயா அலைஞ்சது வீண் போகல."

"பொம்பளைங்களுக்கு?" என்றாள் தம்பியின் மனைவி.

அவர் முகவாயால் நாற்காலியைக் காட்டினார். "ராத்திரியே குடுத்தனுப்பிட்டாங்க. முட்டிக்குக் கீழ நாலு விரல். அடக்கமாத்தான் இருக்கு. பார்வையாளருங்க வர்ற இடம், பொம்பளைங்க பேன்ட்டு போட்டுக்கிட்டு நிக்கறது நல்லால்லேன்னாங்க. சரின்னேன். டையை விட்டாங்க. ஒண்ணு குடுத்து ஒண்ணு வாங்கறதுதானே பேச்சுவார்த்தை?"

"குடுத்தது யாருதுன்னு பாத்தீங்களா மாமா?"

மேசைக்கடியில் அவளுடைய கால் ஆடத் தொடங்கியிருந்தது. மேலே கரண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக, சமமான இடைவெளி விட்டு வரிசையாக்கினாள். கலைத்தாள். மறுபடி வரிசையாக்கினாள்.

செயலாளர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்குச் சண்டை போடுவது சுலபமாக இருந்திருக்கும். அவளுக்குப் பணிநேரம் மாற்றித் தரச்சொல்லி மேலாளரின் அறையில் நாள் முழுக்கக் காத்துக் கிடந்தவர். ஆனால் நாற்பது ஆண்களும் மூன்று பெண்களும் இருக்கிற சங்கத்தில் எந்தப் பக்கம் எடை அதிகம் என்று அவருக்குத் தெரியும். வீட்டுப் பெண் என்பதால் அவளிடம் கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

"டவர்லேருந்து கயித்துல இறங்கற பயிற்சி இருக்கே," என்றாள். "அதை நினைச்சீங்களா?"

"வருஷத்துக்கு ஒரு நாள். அது வர்றப்ப பாத்துக்கலாம்."

"இன்னைக்குத்தான் அந்த நாள்."

வெண்ணெய்க் கத்தி நின்றது. தம்பி தன் தட்டைப் பார்த்தான். யாராவது குரலை உயர்த்தினால் தட்டைப் பார்ப்பது அவன் வழக்கம்.

"இன்னைக்கு மட்டும் பேன்ட்டு போட்டுக்கோயேன்," என்றான் தட்டிடமே. "அண்ணன் பேசிக்குவாரு."

"நானெல்லாம் இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து யாரோ எடுத்துக் குடுத்ததத்தான் உடுத்தறேன்," என்றாள் செயலாளரின் மனைவி, தேநீரை ஊற்றிக்கொண்டே. "ஒண்ணும் செத்துப் போயிடல. உயிரோட இருக்கேனான்னு கேட்டா, அதுவும் தெரியல." யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

தம்பியின் மனைவி எழுந்து ஸ்கர்ட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

கோபுரத்தில் தீப்பிடித்தால் படிக்கட்டு புகைக்குழாயாகிவிடும். அப்போது பால்கனிக் கம்பியைத் தாண்டி, இடுப்பிலும் தொடைகளிலும் பட்டை மாட்டி, கயிற்றில் இறங்குவது ஒன்றே வழி. ஆண்டுக்கொரு முறை எல்லோரும் அப்படி இறங்கிக் காட்ட வேண்டும். தீ பிடிக்கும்போது உடை மாற்ற நேரம் இருக்காது. ஆகவே பணியுடையில்தான் இறங்க வேண்டும். இறங்காதவர் மறுநாளிலிருந்து மேலே போக முடியாது.

கோபுரத்தின் அடியில் கண்ட்ரோலர்கள் திறந்த கழுத்தோடு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி நின்றிருந்தார்கள். ஒருவன் செயலாளரின் முதுகில் தட்டினான். "தலைவரே, இப்பத்தான் மூச்சே வருது." அவளைப் பார்த்ததும் பேச்சு அமுங்கியது. மூன்று பெண்களில் ஒருத்தி விடுப்பில் இருந்தாள். மற்றொருத்தி, எல்லோரும் 'குட்டி' என்று கூப்பிடுகிற புதியவள், ஸ்கர்ட்டைக் கீழே இழுத்துவிட்டபடி சுவரோரம் நின்றாள்.

மேலாளர் அதற்குள் வழி கண்டுபிடித்திருந்தார். "உங்க ரெண்டு பேருக்கும் பயிற்சியிலேருந்து விலக்கு குடுத்துடறேம்மா. சங்கடம் வேண்டாம்."

"இறங்கலேன்னா மேல போக முடியாதே சார்."

"கொஞ்ச நாள் கீழ மேசையில இருங்க. அதுவும் வேலைதானே? வெயில் கிடையாது, டென்ஷன் கிடையாது."

அந்த மேசையை அவளுக்குத் தெரியும். கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், எந்த விமானம் எத்தனை மணிக்கு என்று தட்டச்சு செய்யும் மேசை. மூன்று மாதம் மைக்கைத் தொடாவிட்டால் கோபுரத் தகுதி காலாவதி. திரும்ப எழுதி, திரும்பத் தேறி, திரும்ப வரிசையில் நிற்க வேண்டும். போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

அவள் செயலாளரைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை பேசினால் போதும். அவர் சட்டைக் காலரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இப்போதைக்கு ஒத்துக்கோ," என்றார் தாழ்ந்த குரலில். "மையே காயல. இப்ப அதைக் கிளறினா எல்லாம் கையை விட்டுப் போயிடும். நாலு மாசம் போகட்டும்."

"மூணு மாசத்துல என் தகுதி போயிடும் மாமா."

அவர் ஆட்கள் நின்ற பக்கம் திரும்பிக்கொண்டார்.

"விலக்கு வேணாம் சார்," என்று மேலாளரிடம் சொல்லிவிட்டுப் படியேறினாள்.

மேலே இருவர் ஓடுபாதையைப் பார்த்தபடி வேலையில் இருந்தார்கள். திரும்ப அவர்களுக்கு நேரமில்லை. பால்கனியில் பட்டை மாட்டிவிடும் தீயணைப்புக்காரர் அவளுடைய உடையைப் பார்த்துவிட்டுப் பட்டையைப் பார்த்தார். வயதானவர், காது சிவந்துவிட்டது.

"தொடையைச் சுத்தி மாட்டணும்மா. இது மேல ஏறிடும். உள்ள கால்சட்டை ஏதும்...?"

"ஒப்பந்தத்துல அது இல்லண்ணே. மாட்டுங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொக்கிகளை மட்டும் சரிபார்த்தார். பட்டைகளை அவளே இழுத்துக் கட்டினாள். ஸ்கர்ட் சுருண்டு இடுப்புக்கு ஏறியது. காற்று கால்களில் சில்லென்று அடித்தது. கம்பியைத் தாண்டினாள்.

கீழே முதலில் ஒரு சிரிப்புக் கேட்டது. பிறகு யாரோ யாரையோ அதட்டினார்கள். பிறகு செயலாளரின் குரல், சங்கக் கூட்டங்களில் ஒலிக்கிற அதே குரல், உடைந்து வந்தது.

"ஏறி உள்ள போம்மா. போய்ப் பேன்ட்டு போட்டுட்டு வா."

"நீங்க கையெழுத்துப் போட்ட உடுப்புதான் மாமா," என்றாள் அவள். கத்தவில்லை. உயரத்திலிருந்து பேசிப் பழகிய குரல். அப்படியே கீழே போய்ச் சேர்ந்தது.

"எல்லாரும் உள்ள போங்கய்யா," என்று அவர் ஆட்களைத் தள்ள ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்த கதவு கயிறும் ஏணியும் போட்டு வைக்கிற கருவி அறையினுடையது. "போங்க. என்ன வேடிக்கை? என் வீட்டுப் பொண்ணுய்யா."

"யாராவது ஒரு கண்ட்ரோலர் பாத்துச் சான்று சொல்லணும், அது விதி," என்றார் மேலாளர்.

"அதான் அந்தக் குட்டி நிக்குதே, அதுவும் கண்ட்ரோலர்தான். நீங்க நடங்க."

மேலாளரையும் முழங்கையில் பிடித்து உள்ளே தள்ளி, கடைசியாகத் தானும் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். முற்றம் காலியானது.

அவள் இறங்கினாள். கயிறு சீராக விட்டுக்கொடுத்தது. கோபுரத்தின் சுவர், அதன் கறைகள், ஒரு பழைய பறவைக்கூடு எல்லாம் மேலே நகர்ந்து போயின. பாதம் தரையில் பட்டது. குட்டி ஓடிவந்து தோளைத் தாங்கினாள்.

"நான் பாத்தேன்கா. எழுதிக் குடுக்கறேன்."

பட்டைகளைக் கழற்றி ஸ்கர்ட்டை இழுத்துவிட்டாள். தொடையில் பட்டை பதிந்த இடம் எரிந்தது.

"நானும் இப்படியேதானா?" என்றாள் குட்டி.

"உன் இஷ்டம். மேசை வேணுமா, டவர் வேணுமா?"

குட்டி அண்ணாந்து பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். "டவர்."

"அப்ப ஏறு. நான் பாக்கறேன்."

குட்டி படிக்கட்டுப் பக்கம் ஓடினாள். கருவி அறைக்குள்ளிருந்து இருமலும், காலை மிதித்ததற்கு ஒரு வசவும் கேட்டன. பிறகு கதவை யாரோ தட்டினார்கள்.

"முடிஞ்சுதா?" செயலாளரின் குரல்.

அவள் கதவருகே போனாள். கொண்டியில் பூட்டு திறந்தபடியே தொங்கியது. சாவியும் அதிலேயே இருந்தது.

"எனக்கு முடிஞ்சுது மாமா. குட்டி இறங்கணும்."

"சரி, சரி. நாங்க வெளிய வரல."

"நாளன்னைக்கு லீவு முடிஞ்சு மூணாவது ஆள் வர்றா. அவளும் இறங்கணும்."

உள்ளே யாரோ மெதுவாக, "என்ன சொல்லுது அது?" என்றான்.

"பேசி முடிவு பண்ணுங்க மாமா," என்றாள். "எல்லாரும் ஒரே எடத்துலதான இருக்கீங்க, மேலாளரும் இருக்காரு. நாங்க மூணு பேரு என்ன உடுத்தறதுன்னு ஒரு முடிவுக்கு வாங்க. அவசரமில்ல."

கொண்டியை மாட்டி, பூட்டை அழுத்தி, சாவியை எடுத்துக்கொண்டாள்.