என் எக்ஸ்ரேயில் வெட்டிய வட்டம்

என் எக்ஸ்ரேயில் கத்தரி வைத்தது யார் என்று கேட்டபோது, வார்டு சிஸ்டர் கொஞ்சமும் தயங்காமல் "நான்தான்" என்றார். அந்தத் தைரியத்துக்காகவே அவரை எனக்குப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை.

விஷயம் இதுதான். இருமல் என்று வந்து படுத்தவனைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வலது நுரையீரலில் ஒரு நிழல் தெரிகிறது என்றார் டாக்டர். எனக்கு அது புதுசில்லை. முன்பு காசநோய் வந்து ஆறியபோதே அங்கே தழும்பு இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

"அப்ப எடுத்த படம் இருந்தா கொண்டு வாங்க. நிழல் அதே அளவு இருந்தா வீட்டுக்குப் போகலாம். வளர்ந்திருந்தா நெஞ்சைத் திறந்து பார்க்கணும்" என்றார், ஏதோ சட்டைப் பட்டனைக் கழற்றுகிற மாதிரி. நான் தையல்காரன். பிரித்ததைப் பழையபடி சேர்ப்பது என்ன பாடு என்று எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரி பீரோ மேலே தேடி, பழைய படத்தை எடுத்து வந்தாள். வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்திருப்பாள் போல. வார்டுக்குள் நுழையும்போதே பாதிப் பேச்சில் இருந்தாள்.

"...இதைக்கூட ஒழுங்கா வைக்கத் தெரியல. ஓரமெல்லாம் சுருண்டு கிடக்கு!"

படத்தை சிஸ்டர் மேஜையில் வைத்தாள். மறுநாள் டாக்டர் வந்தார். முதலில் ஸ்டெதஸ்கோப்பை என் நெஞ்சில் வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார். முகம் மலர்ந்துவிட்டது. என் நுரையீரலால் சந்தோஷப்பட்ட முதல் ஆள் அவர்தான்.

"பிரமாதம் சிஸ்டர்! புதுசு மாதிரி கேக்குது."

அவர் பாராட்டியது ஸ்டெதஸ்கோப்பை. காலையில் அது கீழே விழுந்து, நெஞ்சில் படுகிற வட்டத் தகடு விரிசல் விட்டதாம். சிஸ்டர் வேறு தகடு போட்டுக் கொடுத்திருக்கிறார். டாக்டர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, என் பழைய படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். விலா எலும்பு இருந்தது. இதயம் இருந்தது. நிழல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் பல்பு வெளிச்சம் பளிச்சென்று வந்தது. ஒரு வட்டம் காணோம்.

வெட்டின கை சுத்தமான கை, அதைச் சொல்லியாக வேண்டும். பிசிறே இல்லை.

"தகடு தீர்ந்துபோனா பழைய எக்ஸ்ரேலதான் வெட்டிப் போடுவோம். இது குப்பைக்குப் போறதுன்னு நினைச்சேன்" என்றார் சிஸ்டர்.

"ஓரத்துல வெட்டித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றேன்.

"ஓரமெல்லாம் சுருண்டிருந்துச்சே. இங்கதான் தட்டையா இருந்துச்சு."

என் வீட்டுக்காரி 'சொன்னேனா இல்லையா' என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். உயிர் போகிற நேரத்திலும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

டாக்டர் தன் சட்டைப்பையைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனுஷர் என் நெஞ்சை வைத்தே என் நெஞ்சைக் கேட்டிருக்கிறார்.

"அதைக் கழட்டி ஒட்டிப் பாருங்களேன்" என்றேன்.

சிஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. "வழக்கமா சுடுதண்ணியில ஊறவெச்சு, கறுப்பெல்லாம் தேய்ச்சு எடுத்துட்டுத்தான் மாட்டுவேன். இன்னைக்கு டாக்டருக்கு இதுல ஒண்ணும், வேற படத்துல இன்னொண்ணும் வெட்டினேன். ஒண்ணைத்தான் தேய்ச்சேன். எதுன்னு ஞாபகமில்ல."

தேய்த்திருந்தால் நிழலும் கழுவிக்கொண்டு போயிருக்கும். டாக்டர் கருவியை வெளியே எடுத்துத் திருப்பினார். தகடு கன்னங்கரேலென்று இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கூட "அப்பாடா" என்றார்.

சிஸ்டர் வளையத்தைத் திருகிக் கழற்றி, தகட்டை எடுத்துப் படத்தின் ஓட்டையில் வைத்தார். சேரவில்லை.

"இன்னும் கொஞ்சம் திருப்புங்க. எலும்புக் கோடு நேரா ஓடணும்" என்றேன். கட்டம் போட்ட துணியில் பாக்கெட் வைக்கிற வேலைதான். கோட்டோடு கோடு சேர்ந்தது. டாக்டர் புதுப்படத்தைப் பக்கத்தில் மாட்டி, இரண்டு நிழலையும் ஸ்கேல் வைத்து அளந்தார். திரும்பவும் அளந்தார். என் வீட்டுக்காரி திட்டாமல் படத்தின் சுருண்ட ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

"அதே அளவுதான். வளரவே இல்ல. வீட்டுக்குப் போகலாம்."

"நெஞ்சு நல்லா இருக்கா?" என்றாள் அவள்.

"நல்லா இருக்கும்மா."

"இன்னொரு தடவை வெச்சுக் கேட்டுச் சொல்லுங்க."

டாக்டர் கருவியைத் தூக்கிக் காட்டினார். வெறும் வளையம்தான் இருந்தது. "தகடு போடணுமே. கொஞ்சம் பொறுங்க."

"தள்ளுங்க" என்றாள். வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, என் சட்டையை விலக்கி, காதை நெஞ்சில் வைத்து அழுத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் என் கையைக்கூடத் தொடாதவள்.

"மூச்சை இழுங்க."

இழுத்தேன்.

"விடுங்க."

விட்டேன். அவள் காதை எடுக்கவில்லை. என் நெஞ்சு ஈரமானது. "பயந்தே போயிட்டேன்" என்றாள்.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

"பேசாம இருங்க. கேக்க மாட்டேங்குது."