நீலம் இரண்டு, வெள்ளை இரண்டு

நாமகிரிப்பேட்டையிலிருந்து சேலத்துக்கு ஓடிய கந்தவேல் முதலியாரின் பஸ், 1936ஆம் வருஷம் ஆனி மாதத்தில் மல்லூர்ப் பக்கம் அடிக்கடி நின்றுபோனது. ஸ்பார்க் பிளக் எல்லாம் கரியேறிச் செத்துவிட்டது என்றார் டிரைவர் மாதையன். துணி மூட்டையை வைத்துவிட்டு இறங்கித் தள்ளிய நெசவாளர்கள் அதைவிடக் கடுமையாகச் சொன்னார்கள். ஆகவே முதலாளியும் டிரைவரும் புது பிளக் வாங்க, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மோட்டார் சாமான் கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் இரண்டு தினுசு எடுத்து வைத்தார். ஒன்று நீலப் பீங்கான் போட்டது, பளபளக்கும் சிவப்பு டப்பாவில் இருந்தது. மற்றது வெள்ளைப் பீங்கான், வெறும் காகிதத்தில் சுற்றியிருந்தது.

"நீலம் சீக்கிரம் ஆறிப்போகும். வேகமா ஓடற புது வண்டிக்கு நல்லதுங்க. வெள்ளை சூட்டைப் புடிச்சு வெச்சுக்கும். மேலே ஏறுற எண்ணெயை அதுவே எரிச்சுப்போடும். பழைய இன்ஜினுக்கு அதுதானுங்க."

பழைய என்ற சொல் கந்தவேலுக்குச் சுருக்கென்றது. "எங்க வண்டி பழசுன்னு உங்களுக்கு ஆரு சொன்னா? நீலத்தையே குடுங்க."

"வெள்ளையே இருக்கட்டுமுங்க முதலாளி. நம்ம இன்ஜின் தெனமும் எண்ணெய் தேச்சுக் குளிக்குதுங்க" என்றார் மாதையன்.

"என் வண்டிய என் முன்னாலயே குறை சொல்றியா?"

பேச்சு வளர்ந்தது. மற்ற வாடிக்கைக்காரர்கள் வேடிக்கை பார்க்க ஆரம்பித்ததும், கடைக்காரர் நீலத்தில் இரண்டும் வெள்ளையில் இரண்டும் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வழியிலேயே பந்தயம் முடிவாயிற்று. அடுத்து வரும் ஆடி நோம்பிப் பண்டிகை அன்றைக்கு நான்கையும் கழற்றிப் பார்ப்பது. நீலம் கரியேறியிருந்தால், தினமும் காலையில் ஜனங்கள் பார்க்க முதலாளியே ஹேண்டில் சுற்றி வண்டியைக் கிளப்ப வேண்டும். வெள்ளை கரியேறியிருந்தால், ஏறுகிற ஒவ்வொருவரிடமும் "முதலாளி சொன்னதுதான் சரி" என்று மாதையன் சொல்ல வேண்டும்.

புது பிளக் மாட்டிய முதல் நாள் பொழுது இறங்கி, மாதையன் வீட்டுக்குப் போனதும், கந்தவேலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டை ஒட்டிய பஸ் கொட்டகைக்குள் போய் நீல பிளக் ஒன்றைக் கழற்றினார். முனையில் லேசாகக் கரி படிந்திருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். துணியைப் பெட்ரோலில் நனைத்து நீலம் இரண்டையும் துடைத்து மாட்டிவிட்டார். மறுநாளும் அதே வேலை. அதற்கடுத்த நாள் அவசரத்தில் கொதிக்கிற பிளக்கைத் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டார்.

"ஏனுங்க, வெரல்ல என்னங்க கொப்புளம்?" என்று கேட்டாள் மனைவி கமலவேணி.

"பீடி சுட்டுருச்சு."

அவர் பீடியைக் கையால் தொட்டது இல்லை.

மறுநாள் விடியக்காலம் வாசல் தெளிக்க வந்தபோது, கொட்டகையில் மாதையன் இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பதைக் கமலவேணி பார்த்தாள்.

"என்ன மாதையா, இந்நேரத்துலயே?"

"தண்ணி ஊத்தறனுங்கம்மா" என்றார் மாதையன். அவர் கையில் இருந்தது ஒரு வெள்ளை பிளக்கும் உப்புத்தாளும்.

அன்று பொழுது இறங்கியதும் கணவர் பெட்ரோல் துணியோடு கொட்டகைக்குள் நுழைவதையும் கமலவேணி பார்த்தாள். அவளுக்கு நன்றாகப் பொழுது போயிற்று.

பஸ்ஸோ ஒருநாளும் இல்லாதபடி ஓடியது. எங்கும் நிற்கவில்லை, யாரும் இறங்கித் தள்ளவில்லை. "நீலத்தோட வேலை" என்று முதலாளி மீசையைத் தடவினார். "வெள்ளையோட வேலை" என்று டிரைவர் பயணிகளிடம் முணுமுணுத்தார்.

ஆடி நோம்பி அன்று கூட்டம் கூடிவிட்டது. மாதையன் நான்கையும் கழற்றி வரிசையாகத் துணியில் வைத்தார். நான்கும் கடையில் வாங்கியபடியே மின்னின. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உன்னுதுல கரியே இல்லியே?"

"உங்களுதுலயும் இல்லீங்களே?"

கமலவேணியால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. சிரிப்பு ஓய்ந்த பிறகுதான் பேச்சு வந்தது. "பொழுது எறங்குனா ஒருத்தரு தொடைக்கறாரு, காத்தால ஒருத்தரு தொடைக்கறாரு. அப்புறம் கரி எங்கிருந்து வரும்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவளே தீர்ப்பும் சொன்னாள். "மாட்டி ஓட்டுங்க. ரெண்டு பேரும் தொடப்படாது." பிளக் கழற்றும் ஸ்பேனரை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் முடிவதற்குள், பஸ் ஊர் முழுக்கக் கேட்கும்படி இருமிக்கொண்டே திரும்பி வந்தது. இறங்கியவர்களுக்கு, வண்டி குலுக்கியதில் பல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஸ்பேனர் வெளியே வந்தது. வெள்ளை இரண்டும் கரியில்லாமல் காய்ந்து வெறும் பழுப்பாக இருந்தன. நீலம் இரண்டும் எண்ணெயில் ஊறிக் கன்னங்கரேலென்று இருந்தன.

கந்தவேல் வாக்குத் தவறவில்லை. மறுநாள் அந்த இரண்டையும் துடைத்து மாட்டியதும், வேட்டியை மடித்துக் கட்டி ஹேண்டிலைப் பிடித்தார். முதல் சுற்றில் அது திருப்பி உதைத்தது. தலைப்பாகை மண்ணில் உருண்டது. "அழுத்திச் சுத்துங்க முதலியாரே!" என்று ஜன்னலுக்கு ஜன்னல் யோசனை சொன்னார்கள். வண்டி கிளம்பியபோது எழுந்த ஆரவாரத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அன்றைக்கே சேலத்தில், அதே கடையில் போய் நின்றார்.

"நீலமுங்களா?" என்றார் கடைக்காரர்.

"நீலம் எதுக்குங்க? எண்ணெய் ஏறுற இன்ஜினுக்கு வெள்ளைதான் ஒத்துவரும். நானே ஓட்டிச் சோதிச்சுட்டேன். இதுகூடத் தெரியாம கடை வெச்சிருக்கறீங்களே!"

மாதையன் சட்டென்று வீதிப் பக்கம் திரும்பி, போகிற மாட்டு வண்டிகளைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார். அவர் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.