பின்னால் கூப்பிடாதவள்

காலையில் கணேசலிங்கம் வேலைக்குப் புறப்படும்போது சிவநேசம் நிலக்கீழ் அறையில் இருப்பாள். மேலே சப்பாத்துச் சத்தம் கேட்கும். கதவு திறந்து மூடும். வான் வண்டி பின்னுக்கு உருண்டு தெருவில் ஏறும். அதன் பிறகுதான் அவள் படியேறி வந்து தேநீர் போடுவாள்.

யாரும் இதைச் சட்டமாகப் போடவில்லை. அவளுடைய கணவன் தியாகராசாவின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த வாரம், கணேசலிங்கத்தின் மனைவி புஷ்பவதி பக்கத்தில் வந்திருந்து மெதுவாகச் சொன்னாள்.

"குறை நினையாதை நேசம். இந்த மனுசனும் பனிக்குள்ள வான் ஓட்டுறவர். நான் முழிவியளம் பாக்கிறனான் எண்டு உனக்குத் தெரியும்தானே."

தெரியும். தியாகராசாவும் பனிக்குள் வான் ஓட்டிப் போய்த்தான் செத்தான். புறப்படும் நேரத்தில் விதவையின் முகத்தில் விழித்தால் போன காரியம் உருப்படாது என்பது, புஷ்பவதி பெட்டியில் வைக்காமலே ஊரிலிருந்து கொண்டுவந்த சாமான்.

தியாகராசா இருந்தபோது அவர்கள் மொன்றியல் நகரில், பார்க்-எக்ஸ்டென்ஷனில் குடியிருந்தார்கள். ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் சிவநேசத்துக்கு வேலை. நடந்தே போய் வருவாள். அவன் செத்ததும், "தம்பியின்ர மனுசியைத் தனிய விடேலாது" என்று கணேசலிங்கம் அவளை நகரின் ஓரத்தில், இல்-பிசார் தீவில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிவந்தார். அன்பாகத்தான் கூட்டிவந்தார். ஆனால் அந்தத் தீவில் வீடுகள் தள்ளித் தள்ளி நின்றன. பஸ் எப்போதாவது வரும். அது எங்கே நிற்கும் என்று யாரும் அவளுக்குக் காட்டவில்லை.

வசந்தத்தில் திரும்பி வரலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதை ஒருநாள் சோற்றைப் போட்டபடி சொல்லிப் பார்த்தாள்.

"ஆண்டுத்திவசம் முடியட்டும், பாப்பம்" என்றார் கணேசலிங்கம். "இப்பவே வேலைக்கு வெளிக்கிட்டா சனம் கதைக்கும்."

மார்ச் விடுமுறைக்குக் குடும்பம் கரிபியன் கடலில் உள்ள குவாடலூப் தீவுக்குப் போவதென்று முன்பே பதிந்திருந்தது. சிவநேசத்தை என்ன செய்வது என்று இரண்டு நாள் பேச்சு நடந்தது. விட்டுவிட்டுப் போனாலும் சனம் கதைக்கும், கூட்டிக்கொண்டு போனாலும் கதைக்கும் என்றார் கணேசலிங்கம்.

"சனத்துக்கு வேற வேலை இல்லையா அப்பா?" என்று மகள் பிரஷாந்தினி கேட்டாள். அதற்குப் பிறகுதான் நாலாவது டிக்கட் எடுக்கப்பட்டது.

ஹோட்டலிலும் வழக்கம் மாறவில்லை. மழைக்காட்டைச் சுற்றிக்காட்டும் பயணத்துக்குப் புறப்பட்ட காலை, சிவநேசம் கேட்காமலே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர்கள் படியிறங்கியதும் பின்னால் போவதாக எண்ணம். புஷ்பவதி தன் நகைகளை அலுமாரியில் வைத்தாள். துப்புரவுக்கு யாரும் வரக்கூடாதென்று அறைக்கதவின் வெளிப்பிடியில் அட்டையைக் கொழுவினாள்.

குளியலறைக் கதவைத் திறக்கப்போனபோது பிடி கழன்று சிவநேசத்தின் கையோடு வந்துவிட்டது.

வெளியே நடைபாதையில் புஷ்பவதியின் குரல் இன்னும் கேட்டது. சிவநேசம் வாயைத் திறந்தாள். போகிறவர்களைப் பின்னால் கூப்பிடக்கூடாது. வாயை மூடிக்கொண்டாள். பஸ் போன சத்தத்துக்குப் பிறகுதான் கதவைத் தட்டினாள், கூப்பிட்டாள். வெளியே அட்டை தொங்கியது. யாரும் வரவில்லை.

பஸ்கள் இரண்டு. அவள் எப்போதும் கடைசியில் வருபவள், பின் பஸ்ஸில் ஏறியிருப்பாள் என்று கணேசலிங்கம் நினைத்தார். புறப்பட்டபின் திரும்பிப் பார்ப்பது அவர்கள் வழக்கமில்லை. காட்டு வாசலில் இறங்கியபோதுதான் பிரஷாந்தினி கேட்டாள்.

"சித்தி எங்க?"

மலைக்குள் தொலைபேசி வேலை செய்யவில்லை. பஸ் பின்னேரம்தான் திரும்பும் என்றாள் வழிகாட்டி.

"வர மனமில்லாமப் படுத்திருப்பா" என்றாள் புஷ்பவதி. அவள் சொன்னதை அவளே நம்பவில்லை.

மரங்கள் வானத்தை மூடியிருந்தன. பன்னச் செடிகள் ஆளுயரம் நின்றன. எங்கோ அருவி விழுந்தது. கணேசலிங்கம் படமெடுக்கும் கருவியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஒரு பெரிய மரத்தடியில் வழிகாட்டி நின்று பிரெஞ்சில் நீளமாகப் பேசினாள்.

"என்னவாம்?" என்று கேட்டார்.

"இது ரெண்டு மரமாம் அப்பா. வெளிய இருக்கிறது அத்தி. உள்ளுக்கு இருந்த மரத்தைச் சுத்திக் கட்டிப்பிடிச்சு வளந்ததாம். பாக்க அணைக்கிற மாதிரி இருக்குமாம். உள் மரம் செத்துப்போச்சாம்."

அவர் அந்த வேர்களுக்கிடையில் கையை விட்டுப் பார்த்தார். உள்ளே வெறும் பொந்து.

பின்னேரம் அறைக்கு ஓடிவந்து, "நேசம்" என்று கத்தினார்.

"இங்க இருக்கிறன் அத்தான்" என்றது குளியலறை.

ஹோட்டல் ஆள் வந்து பூட்டைக் கழற்றினான். சிவநேசம் குளியல் தொட்டியின் விளிம்பில் இருந்தாள். உயரத்தில் ஒரு சின்னச் சன்னல். அதில் ஒரு தென்னோலையின் நுனி தெரிந்தது. அந்தத் தீவில் அன்று அவள் கண்டது அவ்வளவுதான்.

புஷ்பவதி அழுதாள். "ஒருக்காக் கூப்பிட்டிருக்கலாமேடி. நாங்கள் வாசலிலதானே நிண்டம்."

"வெளிக்கிடுறவையைக் கூப்பிடக்கூடாதெண்டு நீங்கள்தானே அக்கா சொன்னனீங்கள்." சிவநேசத்தின் குரலில் கோபம் இல்லை. "எனக்கு இது புதிசில்லை. இல்-பிசாரில கதவு பூட்டாமலே உள்ளுக்கு இருந்தனான். இங்க பூட்டி இருந்தது. வேற வித்தியாசம் ஒண்டும் தெரியேல்லை."

புஷ்பவதியின் அழுகை அப்படியே நின்றது.

மொன்றியல் திரும்பிய பின் வந்த திங்கட்கிழமை, நிலக்கீழ் அறையின் கதவைப் புஷ்பவதி திறந்தாள்.

"இவர் வெளிக்கிடுறார். மேல வா நேசம்."

"அவர் போகட்டும் அக்கா."

"நீ வந்து முன்னுக்கு நில். எனக்குப் பயமாத்தான் இருக்கு. எண்டாலும் வா."

சிவநேசம் படியேறி வந்தாள். வாசலில் கணேசலிங்கம் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"தம்பியைச் சாவு கொண்டுபோனது, பிள்ளை. உன்ர மிச்சச் சீவியத்தைக் கொண்டுபோனது நாங்கள். சகுனம் எண்டும் சனம் எண்டும் சொல்லி ஒருத்தியை உள்ளுக்கு வைக்கிறது காவல் இல்லை. அது உயிரோட புதைக்கிறது." அவர் வான் சாவியை எடுத்தார். "வா, சந்தையில இறக்கிவிடுறன்."

சிவநேசம் கொழுக்கியிலிருந்து தன் குளிர் அங்கியை எடுத்தாள்.

"இறக்கவேண்டாம் அத்தான். பஸ் எங்க நிக்குமெண்டு மட்டும் காட்டுங்கோ. நாளைக்கும் நான் போகவேணும்தானே."

சொல்லிவிட்டு அவள்தான் முதலில் வாசலைத் தாண்டினாள். மற்ற இருவரும் அவள் பின்னால் இறங்கினார்கள்.