எந்தக் கூடாரத்து ஆள்

இறுதியாட்டம் தொடங்க இன்னும் நேரமிருந்தது. குகநேசன் மாஸ்டர் இரண்டு கூடாரங்களுக்கும் நடுவில், மடிப்புக் குலையாத வெள்ளைச் சேட்டோடு நின்றார். காலையில் ஒஸ்லோவின் ரொம்சோஸ் அடுக்குமாடி லிஃப்டுக்குள் பக்கத்து வீட்டுப் புஷ்பராணி, "என்ன மாஸ்டர், விடிய அயன்பெட்டிச் சத்தம், இப்ப மாப்பிள்ளைக் கோலம்? பொம்பிளை ஆர்?" என்று கேட்டிருந்தாள். மனுசி போய்ச் சேர்ந்த பிறகு அவர் சேட்டுக்கு அயன் பண்ணியது இன்றைக்குத்தான். புஷ்பராணிக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது. அந்தக் கட்டடத்தில் சுவர்கள் மெல்லியவை.

காரணமில்லாமல் இல்லை. 2006இன் இந்தக் கோடையில் மோதவிருந்த நெடுங்கரை, சந்தியடி ஆகிய இரண்டு கல்லூரிகளுக்கும் ஊரில் உதைபந்தாட்டம் பழக்கியவர் அவர். முதலில் நெடுங்கரை, அங்கே அதிபரோடு கொழுவிக்கொண்டு சந்தியடி. இரண்டையும் கிண்ணம் தூக்க வைத்தார். இப்போது அந்தப் பெடியளின் பிள்ளைகள் ஆடுகிறார்கள். ஆட்டத்துக்கு முன் அவர்களோடு கைகுலுக்கும் பிரதம விருந்தினர் யாரென்று இன்னும் அறிவிக்கவில்லை. தன்னைத் தவிர வேறு யாரைக் கூப்பிடுவார்கள்?

ஆனால் ஒஸ்லோவில் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பழைய மாணவர் சங்கம், ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு கூடாரம். நெடுங்கரைக்காரருக்கு அவர் சந்தியடி ஆள். சந்தியடிக்காரருக்கு நெடுங்கரை ஆள். வடக்கே பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டிவிட்டு இங்கே வந்த நாளிலிருந்து இதே கதைதான். இரண்டு இடத்திலும் தேத்தண்ணி கிடைக்கும், இருக்கக் கதிரை கிடைக்காது. அவர் படித்ததோ ஒரு சின்னக் கடற்கரைப் பள்ளிக்கூடம். அதற்கு இங்கே சங்கம் வைத்தால் தலைவர், செயலாளர், பொருளாளர், கூட்டத்தில் எழும்பிக் குழப்புகிறவர் எல்லாம் அவரேதான்.

போட்டிச் செயலாளர் தங்கராசா ஓடி வந்தார். மாஸ்டர் கொலரைச் சரிசெய்தார்.

"மாஸ்டர், உங்களைத்தான் தேடினனான். ஒருக்கா லைன்ஸ்மனா நிக்கேலுமோ? நிக்கவிருந்த பெடியன் வரேல்லை. வேறை ஆரை விட்டாலும் சண்டை வரும். நீங்களெண்டால் ரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லை."

"கை குடுக்க ஆர் வாறார்?"

"குறொன்லாண்டிலை கடை வைச்சிருக்கிற முதலாளி. கிண்ணம் அவற்றை செலவு."

மாஸ்டர் லைன்ஸ்மன் கொடியை வாங்கிக்கொண்டார். முதலாளி வரிசையாகக் கைகுலுக்கி வந்து அவர் கையையும் பிடித்தார். "உங்களுக்கும் பந்தெண்டால் விருப்பம் போலை?"

"ஓம்," என்றார் மாஸ்டர். "கொஞ்சம்."

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் சந்தியடிப் பெடியனுக்குப் பந்து வந்தது. அது வருவதற்குச் சற்று முன், நெடுங்கரைத் தடுப்பாளர்கள் ஒரே மூச்சில் ஓரடி முன்னே வந்து கை தூக்கினார்கள். எதிராளியை ஒஃப்சைடில் விடுகிற அந்த ஓரடி, மாஸ்டர் ஊரில் பழக்கியது. தகப்பன்மார் பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறார்கள்!

பந்து வலைக்குள் போனது. மாஸ்டரின் கொடி மேலே போனது. ஒஃப்சைட். கோல் இல்லை.

சந்தியடிக் கூடாரம் கொதித்தது. அங்கே அவரிடம் பந்து பழகிய அருட்செல்வம் கதிரையை உதைத்தான். "எனக்கு அப்பவே தெரியும்! உந்தாள் எப்பவும் நெடுங்கரைதான்!"

எதிர்க் கூடாரத்திலிருந்து பதில் பறந்தது. "ஓமடா! எங்கடை மாஸ்டர்தான்! அதுக்கிப்ப என்ன?"

கண்டதைக் கண்டபடிதான் அவர் காட்டினார். பக்கம் பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அந்த 'எங்கடை' போய்விடும். மாஸ்டர் நெடுங்கரைக் கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

பந்து மறுகோடிக்குப் போய்விட்டது. கொடியை இறக்கும்படி நடுவர் தூரத்திலிருந்து கையசைத்தார். மாஸ்டரின் கை மேலேயே நின்றது. மஞ்சள் துணி காற்றில் படபடத்தது.