ஓரத்து நட்சத்திரத்துக்கும் அதே புகை

வான்மதி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். திரையின் ஓரத்தில் கிடந்த சாதாரண நட்சத்திரம் ஒன்றுக்கும் அதே புகை, அதே பக்கமாக நீண்டு.

வானத்தின் அந்த மூலையிலிருந்து பல வருடமாகக் காமா கதிர் வந்துகொண்டிருந்தது. எதிலிருந்து என்று ஒருவருக்கும் தெரியாது. எக்ஸ்ரே படத்தில் நடுவே ஒரு புள்ளி, சுற்றிலும் மெல்லிய புகை. புள்ளி ஒரு பல்சர், அதாவது வெடித்த நட்சத்திரத்தில் மிஞ்சி வேகமாகச் சுழலும் கரு; புகை அது ஊதிய காற்றில் உண்டான நெபுலா, ஒளிரும் மேகம் என்று இவள் எழுதிய கட்டுரை ஆய்வுப் பத்திரிகைக்கே போய்விட்டது. பல்சருக்கு அந்தக் காற்று உண்டு, சரி. போகிற வருகிற நட்சத்திரத்துக்கெல்லாம் ஏது?

ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களைச் சேர்த்திருந்தாள். தொலைநோக்கி ஒவ்வொரு தடவையும் மயிரிழை தள்ளித்தான் பார்க்கும். ஓரத்து நட்சத்திரங்களை ஒன்றோடொன்று பொருத்திவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். மாணவர்களிடம் அவளே ஓயாமல் சொல்வது இது. அன்று அதை மறந்திருந்தாள். இப்போது பொருத்திச் சேர்த்தாள். புகை போயே போய்விட்டது; நெபுலா என்று ஒன்று இல்லவே இல்லை.

சன்னிவேலில் வீட்டிலிருந்த கணவன் சபரிநாதனுக்குப் போன் செய்து சொன்னாள். அவனுக்கு வேலை போய் இரண்டு மாதம். அந்த 2001இல் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாக ஆளைக் குறைக்க, வட்டாரமே காலியாகிக்கொண்டிருந்தது. இருவர் விசாவும் இவள் வேலையில்தான் தொங்கியது. அந்த வேலையை நீட்டிக்கும் கடிதத்தில் பேராசிரியர் சுந்தரராமன் இன்று கையெழுத்துப் போடுவதாக இருந்தார், இந்த நெபுலாவை நம்பி.

“அவர் sign பண்ணட்டும் மதி. Monday சொல்லிக்கோயேன், என்ன கெட்டுப்போச்சு?”

இன்னும் பத்து நிமிடம் பேசினால் தானும் சரி என்றுவிடுவோம் என்று பயந்துபோய் வைத்துவிட்டாள். கட்டுரையை வாபஸ் வாங்குவதாகப் பத்திரிகை ஆசிரியருக்கு நாலு வரி தட்டி அனுப்பினாள். பிறகுதான் சுந்தரராமன் அறைக்குப் போனாள்.

முழுதும் கேட்டவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். “அடுத்த வருஷ கிராண்ட் பணமே இதை வச்சுத்தாம்மா கேட்டிருக்கேன். வேற யாருக்கும் தெரியாதே?”

பதிலுக்குக் காத்திராமல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்தார். “கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும். அப்புறம் பேசிக்கலாம்.”

இத்தனை வருடம் இவரையா மலையாக நம்பினோம் என்று அவளுக்கு மனம் விட்டுப்போயிற்று.

“எடிட்டருக்கு mail போட்டுட்டேன் சார்.”

சுந்தரராமன் கையை நீட்டினார். வான்மதி கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.