கோலம் போடாத வாசல்

ஹாலிஹாக் இரண்டாம் வருடம் பூக்கும் செடி. திருப்போரூர் வீட்டு வாசலோரம் என் மனைவி ஹரிப்ரியா விதைத்தாள். முதல் வருடம் இலை மட்டும் விட்டது. அது பூத்தபோது அவள் இல்லை.

துக்க வீடு என்பதால் வாசலில் கோலம் இல்லை. பெருக்கவும் இல்லை. விதைகள் தாமாக உதிர்ந்தன.

நேற்று தலைத் திவசம். இன்று காலை, வீட்டு வேலை செய்யும் வேண்டா அக்கா துடைப்பத்தோடு வந்தார்.

"வருசம் முடிஞ்சிச்சி சார். கோலம் போட்டுடறேன். இன்னா இது, வாசல் பூரா களையா கீது!"

குனிந்து பார்த்தேன். எல்லாம் ஹாலிஹாக் கன்றுகள்.

"களை இல்லக்கா. அவ வெச்ச பூவோட கன்னு. அடுத்த வருசம்தான் பூக்கும்."

"அதுவரைக்கும் கோலமே வாணாமா? நல்லா கீது!"

நான் ஒரு கன்றின் மேல் கிடந்த சருகை எடுத்துப் போட்டேன். வேண்டா அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். படிக்கல்லின் மேல் உள்ளங்கை அளவுக்கு ஒரு கோலம் போட்டார். வாசல் தெளிக்கக் கொண்டுவந்த தண்ணீரைக் கன்றுகளுக்கு ஊற்றினார்.