மருந்து போட்ட தண்ணீர்

“ஐஞ்சு சொட்டு எண்டால் ஐஞ்சு சொட்டு. ஆறு இல்லை.”

“ஐஞ்சுதான் விட்டனான், அண்ணை.”

“மூடியைப் பிடிச்சுக்கொண்டு ஆட்டு. கோயில் மணி ஆட்டுற மாதிரி ஆட்டாதை.”

துஷ்யந்தி கண்ணாடிக் குப்பியை ஆட்டிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. குளோரின் இருந்தால் மஞ்சளாகும்.

“ஒண்டுமில்லை, அண்ணை. வெள்ளை.”

“வெள்ளை இல்லை, நிறமில்லை. பதினாலு வருசமாச் சொல்லுறன். லேபிள் எழுதினனியே?”

“எழுதினனான். சனி, ஒன்பதே முக்கால்.”

“நாளும் நேரமும் இல்லாட்டில் அது சாம்பிள் இல்லை, வெறும் தண்ணி. சரி, ஊத்து.”

நவரத்தினம் தேயிலைக் கம்பனி ஒன்றின் ஆய்வுகூடத்தில் முப்பது வருடம் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு, வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றின் நாலாம் மாடி வீட்டில், ஹோலையே ஆய்வுகூடமாக்கிக் கொண்டார். அங்கே நாலடித் தொட்டி ஒன்று. அதற்குள் ஏழு டிஸ்கஸ் மீன்கள், தேநீர்ச் சாஸர்களை நிமிர்த்தி வைத்த மாதிரி. தங்கை துஷ்யந்திக்கு ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை, வேறு வீடும் இல்லை. குசினிக்குப் பக்கத்துச் சாமான் அறையில் கட்டில் போட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை பல்கனியில் இருக்கும் நீலப் பிளாஸ்டிக் பரலில் தண்ணீர் பிடித்து வைப்பாள். சனிக்கிழமை அதற்கு மருந்து விட்டு, சொட்டு மருந்தால் பார்த்து, பதினொரு வாளி தூக்கி ஊற்றுவாள்.

அந்த வீட்டில் எல்லாமே மருந்துதான். குளோரினை முறிக்கிற நீலத் திரவமும் மருந்து, குப்பிக்குள் விடுகிற சொட்டும் மருந்து. குழாய்த் தண்ணீரில் வந்து மணக்கிற குளோரினுக்கும், கொழும்பில் எல்லாரையும் போல, அவர்கள் மருந்து என்றுதான் சொன்னார்கள்.

“ஒரு வாளி தண்ணி தூக்கிறதுக்கு வீட்டோடை ஆள் வைச்சிருக்கிறது இந்த ஒழுங்கையிலை நாங்கள் மட்டுந்தான்,” என்றாள் அருள்நாயகி. நவரத்தினத்தின் மனைவி.

“பதினொரு வாளி,” என்றார் அவர்.

“ஹோஸ் எண்டு ஒண்டு கண்டுபிடிச்சிருக்கினம், கேள்விப்படேல்லையே?”

“ஹோஸ் குளோரின் பார்க்குமே? இவள் பார்ப்பாள்.”

துஷ்யந்தி வாளியோடு நின்றாள். அண்ணன் அவளைப் பற்றிச் சொல்லும் நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அதை அவர் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு வாளி பாரம் தெரிவதில்லை.

“ஆவணியிலை எங்கடை மகன் சாரங்கன் ஆக்கள் கனடாவிலையிருந்து வருகினம். ஐஞ்சு பேர். அந்த அறை வேணும்,” அருள்நாயகி வெங்காயம் உரித்தபடி சொன்னாள். துஷ்யந்தி பக்கத்தில் நிற்பதைப் பற்றி அவளுக்கு ஒன்றுமில்லை. “வத்தளைப் பக்கம் ஒரு வயதுபோன ஆக்களின்ரை இல்லம். ஒரு கட்டில் இருக்காம். கதைச்சுப் பார்த்தனான்.”

“அப்ப மீனை ஆர் பார்க்கிறது?” என்றார் நவரத்தினம்.

“நான் பார்க்கிறன்.”

“நீரோ?”

நவரத்தினம் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். துஷ்யந்தியும் கொஞ்சம் சிரித்துவிட்டாள்.

“நீரும் சிரியும்,” என்றாள் அருள்நாயகி அவளிடம். “மீனுக்கு வருத்தமெண்டால் மீன்தொட்டிக் கடை றவூப் மாளிகாவத்தையிலையிருந்து ஓடி வாறார். உமக்கு வருத்தமெண்டால் ஆர் வருகினம்? இந்த ஏழும் மிதக்கிற அண்டைக்கு உம்முடைய பெட்டியும் வாசலிலை. யோசிச்சுச் சிரியும்.”

அதில் பொய் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த புதன்கிழமை துஷ்யந்தி பல்கனி ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை, கணுக்கால் வீங்கிவிட்டது. பாண்டேஜ் சுற்றிக் கொண்டு படுத்தாள். வெள்ளிக்கிழமை நவரத்தினம் ஹேர்னியா ஒப்பரேஷனுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார். பரலில் தண்ணீர் பிடிக்க ஆளில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்து அழைப்பு வந்தது. அருள்நாயகி போனை மேசையில் வைத்துச் சத்தமாகப் பேசவிட்டாள்.

“இண்டைக்குச் சனி. துஷிக்குக் கால் எப்பிடி?”

“உங்களுக்கு எப்பிடி எண்டு நான் கேட்க முதல் அவவைக் கேளுங்கோ. மூட்டை மாதிரிப் படுத்திருக்கிறா.”

“அப்ப தண்ணி மாத்தேலாது. நான் வருமட்டும் விடும்.”

“ஏன் விடுவான்? நான் மாத்துறன்.”

“இஞ்சேரும், வேண்டாம்.”

“மூண்டு பிள்ளையளுக்குத் தண்ணி வார்த்த கை. மீனுக்கு வார்க்காதோ? என்ன செய்யோணும், அதைச் சொல்லுங்கோ.”

போனில் ஒரு பெருமூச்சு கேட்டது. “மூண்டிலை ஒரு பங்கு எடும். பிறகு மருந்து போட்ட தண்ணியை மட்டும் ஊத்தும். மருந்து போடாத தண்ணி ஒரு சொட்டும் உள்ளை போகக் கூடாது. விளங்கினதே?”

“ஓம், ஓம். மருந்து போட்ட தண்ணி.”

அருள்நாயகி குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். ஒரு கை ஏந்தி மணந்து பார்த்தாள். அன்றைக்கு மூக்கில் ஏறுகிற மணம்.

“அப்பாடா,” என்றாள் சந்தோஷமாக. “இண்டைக்கு நல்லா மருந்து போட்டிருக்கிறாங்கள். ஒரு கிருமியும் மிஞ்சாது.”

குழாயில் ஹோஸ் மாட்டுகிற சத்தம் சாமான் அறைக்குக் கேட்டது. துஷ்யந்தி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். அண்ணன் சொன்னதும் அவளுக்குக் கேட்டிருந்தது. அண்ணி பிழையாக விளங்கிக் கொண்டதும் விளங்கிவிட்டது. கதவு திறந்துதான் இருந்தது. “அண்ணி, அது இல்லை, மற்ற மருந்து” என்றால் போதும். வாயைத் திறந்தாள்.

அருள்நாயகி ஹோஸை இழுத்தபடி கதவடியில் நின்றாள்.

“பார்த்தீரே, துஷ்யந்தி? மூண்டிலை ஒண்டு இல்லை, முக்கால்வாசியும் எடுத்துப் போட்டுப் புதுத் தண்ணி விடப்போறன். அரை மணித்தியால வேலை. இதுக்கோ பதினாலு வருசம் இந்த வீட்டிலை சோறு திண்டனீர்?”

துஷ்யந்தி வாயை மூடினாள்.

“என்னவோ சொல்ல வந்தனீர்?”

“இல்லை, அண்ணி. கால் நோகுது.”

“நோகட்டும். வத்தளையிலை எண்ணெய் பூசிவிட ஆள் இருக்காம்.”

தண்ணீர் தொட்டிக்குள் விழத் தொடங்கியது. தொட்டி நிரம்பியதும் அருள்நாயகி குழாயை மூடக் குசினிக்குப் போனாள். கையோடு அடுப்பில் இருந்த பருப்பையும் கிளறினாள். துஷ்யந்தி எழுந்தாள். சுவரைப் பிடித்துக் கொண்டு நொண்டி நொண்டித் தொட்டிக்கு வந்தாள். சாம்பிள் போத்தல் தொட்டிக்குக் கீழ்த் தட்டில், நீல மருந்துக்குப் பின்னால் இருந்தது. நீல மருந்தை அரக்கி வைத்துவிட்டுத்தான் அதை எடுக்க முடிந்தது. விளிம்பு வரைக்கும் தண்ணீர் மொண்டாள். காற்று இல்லாமல் மூடினாள். அப்படி மூடி இருட்டில் வைத்தால் குளோரின் இரண்டு நாளைக்கு நிற்கும் என்று சொல்லித் தந்ததும் அண்ணன்தான். கை பழகிய மாதிரி லேபிளும் எழுதியது: சனி, 10.50.

போத்தலைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தாள். யார் செய்தது என்று அண்ணன் தன் கண்ணாலேயே பார்க்கட்டும். அதற்குப் பிறகு இந்த அறையைப் பற்றி ஒருவரும் கதைக்க மாட்டார்கள். மீன் போனால் வேறு மீன் வரும்.

பதினொன்றே கால் இருக்கும்.

“துஷ்யந்தி! இதுகள் ஏன் மேலை வந்து வாயைப் பிளக்குதுகள்?”

“பசியோ தெரியாது, அண்ணி.”

“ஒண்டு கறுத்துப் போச்சு. சரிஞ்சு நீந்துது. ஒருக்கா எழும்பி வாருமன்!”

“கால் ஊண்டேலாது.”

“படுத்துக் கொண்டாவது சொல்லித் துலையும், என்ன செய்யிறது?”

“நீங்கள்தானே பார்க்கிறன் எண்டு சொன்னனீங்கள்.”

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மீன் கண்ணாடியில் மோதும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. துஷ்யந்தி தலையணையால் காதைப் பொத்தினாள். கன்னத்தில் போத்தல் முட்டியது. பன்னிரண்டு மணிக்கு முதலாவது செத்தது, இரண்டரைக்கு ஏழாவது.

திங்கட்கிழமை நவரத்தினம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். றவூப்பையும் வரச் சொல்லியிருந்தார். அருள்நாயகி பிரீசரில் இருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து மேசையில் வைத்தாள். ஏழு டிஸ்கஸும் பாரைமீன் துண்டுகளோடு ஒட்டி உறைந்திருந்தன. றவூப் ஒன்றைப் பிரித்தெடுத்துச் செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

“சீக்கு இல்ல, சேர். தண்ணி. செவுளப் பாருங்க, வெந்து போயீக்கி.”

“தண்ணி எண்டால் நானில்லை,” அருள்நாயகி உடனே சொன்னாள். “நீங்கள் சொன்ன மாதிரித்தான் செய்தனான். வியாழக்கிழமையே ஒண்டு சாப்பிடாமல் நிண்டது. உங்கடை தங்கச்சி போன கிழமை என்னத்தைக் கலந்தாவோ.”

“நான் கலந்ததோ?” துஷ்யந்தி அறையில் இருந்து நொண்டியபடி வந்தாள். கையில் போத்தல். இரண்டு நாளாக இந்த நிமிடத்தைத்தான் நினைத்துக் கொண்டிருந்தாள். “அண்ணை, இந்தாங்கோ. அண்ணி ஊத்தின தண்ணி. நீங்களே சொட்டு விட்டுப் பாருங்கோ.”

நவரத்தினம் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். குப்பியில் தண்ணீர் எடுத்தார். ஐந்து சொட்டு. மூடியைப் பிடித்து ஆட்டினார்.

மஞ்சள். மஞ்சளும் தாண்டிச் செம்மஞ்சள்.

“அல்லாவே,” என்றார் றவூப். “இதுல திமிங்கிலமும் செத்துப் போகும், சேர்.”

“நீங்கள்தானே சொன்னியள், மருந்து போட்ட தண்ணி எண்டு!” அருள்நாயகி கத்தினாள். “பைப்பிலை மருந்து மணக்க மணக்க வந்தது! அதைத்தானே விட்டனான்!”

நவரத்தினம் மனைவியைப் பார்த்தார். சிரிப்பு வந்தது, வயிற்றுத் தையல் நொந்தது. “ஓம்,” என்றார். “நான் சொன்னதுதான் பிழை. எந்த மருந்து எண்டு சொல்லேல்லை. உமக்குத் தெரியாது.”

“எனக்கென்னெண்டு தெரியும்?”

“அதைத்தான் நானும் சொல்லுறன்.”

துஷ்யந்தி காத்திருந்தாள். இனி அந்த வார்த்தை வரும். இவள் இருந்திருந்தால் இப்படி நடக்காது என்ற வார்த்தை.

நவரத்தினம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போத்தலைத் திருப்பினார்.

“சனி, 10.50. இது உன்ரை எழுத்து.”

“ஓம், அண்ணை. நாளும் நேரமும் போட்டனான்.”

“எங்கை எடுத்த தண்ணி?”

“தொட்டியிலை. அண்ணி குசினிக்குப் போனவுடனை.”

“முதல் மீன் எத்தனை மணிக்குச் செத்தது?”

“பன்னிரண்டு,” என்றாள் அருள்நாயகி.

“எழுபது நிமிசம்,” என்றார் நவரத்தினம். “றவூப், எழுபது நிமிசத்துக்கு முதலே நீல மருந்து விட்டிருந்தால்?”

“ஒண்டு ரெண்டு போயீக்கும், சேர். மத்ததுகள் நிண்டீக்கும்.”

“நீல மருந்து எங்கை இருந்தது, துஷி?”

துஷ்யந்தி தொட்டியைப் பார்த்தாள்.

“எங்கை இருந்தது எண்டு கேட்கிறன்.”

“தட்டிலை.”

“இந்தப் போத்தல்?”

“அதுக்குப் பின்னாலை.”

“அப்ப அதைத் தூக்கி அங்காலை வைச்சுப்போட்டுத்தான் இதை எடுத்தனி.”

“அண்ணை, அண்ணி சொன்ன கதைக்கு—”

“இவ மருந்தெண்டு நினைச்சு ஊத்தினா. நீ நஞ்செண்டு தெரிஞ்சு சாம்பிள் எடுத்தனி.” அவர் குரலை உயர்த்தவில்லை. ஆய்வுகூடத்தில் முடிவு வாசிக்கிற குரல். “நல்ல சாம்பிள். காத்து இல்லை, லேபிள் சரி. முப்பது வருசத்திலை இப்பிடி ஒரு சாம்பிள் என்ரை பெடியள் ஒருத்தரும் தரேல்லை.”

றவூப் எழுந்தார். “நான் வாறேன், சேர்.”

“இரும். ஆவணிக்கு முதல் வேறை ஏழு வேணும். சாரங்கன்ரை பிள்ளையள் பார்க்கோணும்.” பிறகு மனைவியிடம் திரும்பினார். “வத்தளையிலை அந்தக் கட்டில் இன்னும் இருக்கே?”

“வெள்ளிக்கிழமை கேட்டனான். இருக்காம்.”

“கேட்டுப் பாரும். துஷி, போக முதல் அந்தக் குப்பியைக் கழுவி வை. மூண்டு தரம்.”

துஷ்யந்தி குசினிக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். மஞ்சள் தண்ணீர் குழாயடியில் வழிந்து போனது. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். கையில் மருந்து மணத்தது. அருள்நாயகி பின்னால் வந்து நின்றாள். அவளுடைய குரல் கொஞ்சம் இளகியிருந்தது. வென்றவர்களுக்கு வருகிற இளக்கம்.

“பெட்டி கட்ட நானும் வாறன். அதுக்கு முதல் ஒண்டு சொல்லிப்போட்டுப் போம். இனி நான்தானே பார்க்கோணும். ஒரு பரல் தண்ணிக்கு நீல மருந்து எத்தனை மூடி?”

துஷ்யந்தி குப்பியைக் கவிழ்த்து வைத்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

“அது ஒரு கஷ்டமும் இல்லை, அண்ணி,” என்றாள். “மருந்து போட்ட தண்ணியை ஊத்துங்கோ. அவ்வளவுதான்.”